வெள்ளத்துக்கு எழுதிவைத்த நிலம்

மகாவலிக் கரையில் ஒரு தேசியப் பூங்கா, இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு கால்வாய்: ஆற்றின் மிகைநீர் யாருக்குச் சொந்தம்?

ஆடி கழிந்து ஆவணி பிறக்கும் நாள்களில், இலங்கையின் பொலன்னறுவை மாவட்டத்தில் மகாவலி கங்கையின் இரு மருங்கிலும் தாழ்ந்து கிடக்கும் நிலம், நடுவில் மட்டும் நீர் எஞ்சிய பெரிய தாம்பாளங்களைப் போல் காட்சி தருகிறது. நீரின் மேல் தாமரையும் அல்லியும் படர்ந்திருக்க, அவற்றைச் சுற்றிக் கோரையும், கோரைக்கு வெளியே சேறு உலர்ந்தும் உலராமலும் இருக்கும் வளையத்தில் புதுப்புல்லும் தழைத்திருக்கும். அந்தப் புல்வளையத்தில் யானைகள் முன்காலால் புல்லின் தூரை உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, வேர்மண் உதிரும்படி காலில் தட்டிவிட்டு வாயில் இடுகின்றன. எருமைகள் கழுத்தளவு நீரில் கிடக்க, உண்ணிக்கொக்குகள் அவற்றின் முதுகுக்கும் கரைக்குமாகப் பறந்து திரிய, நத்தைகுத்தி நாரைகள் சேற்றைக் கிளறி நத்தை தேடுகின்றன. ஆற்றோர மணல்திட்டில் வாய் பிளந்து வெயில் காயும் முதலைக்குப் பின்னால் மருதமரங்களும் இலுப்பை மரங்களும் கரை கட்டியதைப் போல் வரிசை கொண்டு நிற்கின்றன.

மார்கழியில் அதே இடத்தைத் தேடினால் அது அங்கே இராது. வடகிழக்குப் பருவமழையில் பெருகிய ஆறு கரை மீறிப் பரவ, யானை நின்று மேய்ந்த இடத்தில் மீன்கள் முட்டையிடும். புல்வளையம் முழுதும் ஆளுயர நீருக்குள் போயிருக்கும். ஆண்டுக்கொரு முறை நிலமாகவும் ஒரு முறை நீராகவும் மாறும் இந்த இடத்துக்கு இலங்கை அரசு 1984ஆம் ஆண்டில் சூட்டிய பெயர் ‘வெள்ளச் சமவெளி தேசியப் பூங்கா’ என்பதாகும். ஒரு மலையின் பெயரையோ, ஒரு விலங்கின் பெயரையோ, ஒரு மன்னனின் பெயரையோ தாங்காமல், வெள்ளத்தின் பெயரையே தாங்கிய இத்தகைய காப்பிடம் தெற்காசியாவில் அரிது.

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரிலிருந்து பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் இந்த ஆற்றுச் சமவெளி, அவ்வூர் மக்களுக்குத் தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இலுப்பூரின் அண்டைப் பகுதியான விராலிமலைப் பக்கத்துக் குன்னத்தூரில் 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டம் எந்தச் சொல்லின் மேல் கட்டப்பட்டிருக்கிறதோ, அதே சொல்லின் மேல்தான் மகாவலித் திட்டமும் கட்டப்பட்டது. ‘மிகைநீர்’ என்பதே அச்சொல். வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் நீரைத் தேவைக்கு மிஞ்சிய நீராகக் கணக்கிட்டுத் திருப்பிவிட்ட ஓர் ஆற்றின் கீழ்ப்புறத்தில் நாற்பது ஆண்டுகளில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிவதற்கு, மகாவலிக் கரையைப் போன்ற பாடம் வேறில்லை.

வில்லு: ஆறு வந்து தங்கும் கிண்ணம்

வெள்ளச் சமவெளி என்பது, ஆறு பெருகும்போது கரை தாண்டிப் பரவி, வண்டலைப் படியவிட்டு, வடியும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளும் தட்டையான நிலப்பரப்பைக் குறிக்கும். வறண்ட மாதங்களில் அதைப் பார்ப்பவர் ஆற்றுக்கு வெளியே உள்ள நிலம் என்று நினைப்பது இயல்பு. நீரியல் நோக்கில் அது ஆற்றின் ஒரு பகுதியே. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் பயன்படுத்தப்படும் ஆற்றுப் படுகை என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் சமவெளிக்குள் ஆங்காங்கே கிண்ணம் போல் குழிந்த பள்ளங்கள் உண்டு. இவற்றுக்கு ‘வில்லு’ என்று பெயர். சிங்களத்திலும் ஈழத்துத் தமிழிலும் ஒருசேர வழங்கும் சொல் இது. வில்பத்து தேசியப் பூங்காவிலும் வில்லுகள் உண்டு என்றாலும், அவை பெரும்பாலும் மழைநீரால் நிரம்புபவை. மகாவலியின் வில்லுகளோ ஆற்றோடு குறுகிய ஓடைகளால் பிணைக்கப்பட்டவை. ஆற்றின் மட்டம் உயரும்போது ஓடை வழியாக நீர் உள்ளே வருகிறது. ஆற்றின் மட்டம் தாழும்போது அதே ஓடை வழியாக நீர் வெளியேறுகிறது. ஒரே வாய் வரத்து வாரியாகவும் கலிங்காகவும் வேலை செய்யும் ஒரு கண்மாயைக் கற்பனை செய்துகொள்ளும் இலுப்பூர்க்காரருக்கு வில்லுவின் இயக்கம் எளிதில் விளங்கிவிடும்.

இந்த இயக்கத்தில் நீர் வருவதற்கு எவ்வளவு பங்குண்டோ, நீர் போவதற்கும் அவ்வளவு பங்குண்டு என்பதே முதன்மையாகக் கவனிக்க வேண்டியது. ஐப்பசி முதல் தை வரை பெருகும் வெள்ளம் மலைநாட்டின் வண்டலைக் கொண்டுவந்து பள்ளத்தில் இறக்குகிறது. மீன்கள் ஆற்றின் இழுவையிலிருந்து விலகி, ஆழம் குறைந்து வெதுவெதுப்பாக இருக்கும் இந்தத் தேங்குநீரில் குஞ்சு பொரிக்கின்றன. மாசிக்குப் பிறகு நீர் மெல்ல உள்வாங்க உள்வாங்க, ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு வளையச் சேறு வெளிப்பட்டு, அதில் புல் முளைக்கிறது. இவ்வாறு புல் ஒரே நாளில் முளைத்து ஒரே மாதத்தில் முற்றிப் போகாமல், கோடை நெடுகிலும் தவணை தவணையாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள உலர்வலயக் காடுகளில் புல் கருகி நார் போலாகிவிடும் வைகாசி முதல் புரட்டாசி வரையான மாதங்களில், நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் வேண்டும் ஒரு யானைக்கு இந்த வளையங்களே பண்டகசாலை. புள்ளிமானும் மிளாவும் காட்டெருமையும் அதே புல்லுக்கு வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து சிறுத்தை வருகிறது. நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் நெருக்கமாவதால் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் முதலையும், செங்கால் நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா போன்ற பறவைகளும் வில்லுவின் நடுப்பகுதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஆற்றங்கரைக் காட்டைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மருதும் இலுப்பையும் வெள்ளத்தில் வேர் நனைந்து நிற்கத் தக்க மரங்கள்; இலங்கையின் உலர்வலய ஆறுகளின் கரைகளை இவ்விரண்டும்தான் பெரிதும் பிடித்து நிறுத்துகின்றன. இலுப்பை மரத்தால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஓர் ஊரின் மக்கள், தம் ஊரில் அருகிவிட்ட அம்மரத்தை மகாவலிக் கரையில் வௌவால்கள் மொய்க்கும் பெருமரமாகக் காணலாம்.

பெட்டிச் செய்தி: நான்கு பூங்காக்கள், ஓர் ஆறு

மகாவலி விரைவுத் திட்டத்தின் விளைவாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காக்கள் நான்கு. மதுரு ஓயா: 1983 நவம்பர், 58,850 ஹெக்டேர். வஸ்கமுவ: 1984 ஆகஸ்ட், சுமார் 39,300 ஹெக்டேர். வெள்ளச் சமவெளி: 1984 ஆகஸ்ட் 7, 17,350 ஹெக்டேர். சோமாவதி: 1986 செப்டம்பர், சுமார் 37,600 ஹெக்டேர். நான்கில் மிகச் சிறியது வெள்ளச் சமவெளியே எனினும், தெற்கே வஸ்கமுவவுக்கும் வடக்கே சோமாவதிக்கும் இடையில் ஆற்றை ஒட்டி நீண்டு கிடப்பதால், யானைகள் இரு காடுகளுக்கும் போய்வரும் வழித்தடம் இதுதான்.

மகாவலி: 335 கிலோமீட்டர் நீளமுள்ள, இலங்கையின் மிக நீண்ட ஆறு. தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இதன் வடிநிலம். பெயரின் பொருள் ‘பெருமணல் ஆறு’. கடலைச் சேருமிடம் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடா. கிளையாறான வெருகலின் கரையில்தான் ஈழத்தின் புகழ்பெற்ற முருகன் தலங்களுள் ஒன்றான சித்திர வேலாயுதர் கோயில் இருக்கிறது.

அணை பெற்ற பூங்கா

பின்னணி சுருக்கமானது. 1960களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையுடன் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் முப்பது ஆண்டுகளில் நிறைவேற வேண்டியதாக இருந்தது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசு அதன் முதன்மைப் பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிக்க முனைந்தது. ஸ்வீடன், பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, கனடா ஆகிய நாடுகளின் பணத்தில் முறையே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, மதுரு ஓயா அணைகள் எழுந்தன. அவற்றின் நீரால் நனைய இருந்த காடுகள் உழவர் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. காடு வயலாகும்போது அதிலிருந்த யானைகள் எங்கே போகும் என்ற கேள்வியை 1980இல் அமெரிக்க உதவியுடன் நடந்த சுற்றுச்சூழல் மதிப்பீடு எழுப்பியது. அக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் மேற்சொன்ன நான்கு பூங்காக்கள்.

தமிழ் வாசகர் பலருக்கு மகாவலித் திட்டம் என்றதும் நினைவுக்கு வருவது யானைகள் அல்ல என்பதையும் இவ்விடத்தில் மறைக்க வேண்டியதில்லை. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எல்லைப்புறத்தில் இத்திட்டத்தின் பெயரால் நடந்த குடியேற்றங்கள், மணலாற்றில் தொடங்கி, ஈழத்துத் தமிழ் அரசியலின் தீராத மனக்குறைகளுள் ஒன்றாக நீடிக்கின்றன. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து நான்காம் கட்ட ஈழப்போர் மூண்டதும் இதே ஆற்றின் கீழ்ப்பகுதியில்தான். இந்த நிலத்தில் நீரைப் பற்றிய எந்தக் கணக்கும் நீரோடு மட்டும் முடிவதில்லை.

நிலத்துக்கு வேலி, நீருக்கு மதகு

பூங்கா அறிவிக்கப்பட்ட மறு ஆண்டே, 1985இல், அதற்கு மேற்புறத்தில் 122 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா அணை திறக்கப்பட்டது. கொத்மலையும் அதே ஆண்டில் இயங்கத் தொடங்க, ரந்தெனிகல அடுத்த ஆண்டில் சேர்ந்துகொண்டது. இவற்றுக்கும் முன்பே, 1976 முதல், கண்டிக்கு அருகில் உள்ள பொல்கொல்லவில் ஆற்றின் ஒரு பகுதி சுரங்கக் கால்வாய் வழியாக வடமத்திய மாகாணத்துக் குளங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஆக, வெள்ளத்தின் பெயரால் ஒரு பூங்காவை அறிவித்த அதே அரசு, அதே ஆண்டுகளில், அப்பூங்காவுக்கு வரும் வெள்ளத்தை மலைநாட்டிலேயே தடுத்து நிறுத்தும் கட்டுமானங்களையும் முடித்துக்கொண்டிருந்தது. முரண் தெரியாமல் நடந்ததும் அன்று. வெள்ளம் குறைந்தால் வில்லுகள் சுருங்கும் என்பதை 1980ஆம் ஆண்டின் மதிப்பீடே எடுத்துச் சொல்லியிருந்தது.

வனவிலங்குச் சட்டங்கள் நிலத்தைக் காக்க எழுதப்பட்டவை. தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மரம் வெட்டக் கூடாது, உழக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்று அவற்றால் சொல்ல முடியும். நூறு கிலோமீட்டர் மேலே உள்ள மதகை எந்த நாளில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. ஒரு மலைக்காட்டுக்கு இந்தக் குறை பெரிதாக உறைக்காமல் போகலாம். வெள்ளச் சமவெளிக்கோ அது அடித்தளத்தையே பாதிக்கிறது. ஏனெனில் அங்கே காக்கப்பட வேண்டிய பொருள் நிலத்தின் மேல் ஆண்டுதோறும் வந்துபோகும் ஒரு நிகழ்ச்சி. நிகழ்ச்சியை விட்டுவிட்டு மேடையை மட்டும் பத்திரப்படுத்தியதைப் போன்றது 1984ஆம் ஆண்டின் அறிவிக்கை.

அணைகள் ஆற்றை இரண்டு விதத்தில் மாற்றுகின்றன. மழைக்காலத்து உச்ச வெள்ளத்தை அவை வெட்டிக் குறைக்கின்றன. கோடையில் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் நீரைத் திறந்துவிடுவதால் வறண்ட காலத்து ஓட்டத்தை உயர்த்துகின்றன. பொறியாளர் பார்வையில் இது ஆற்றைச் சீர்ப்படுத்துவது. வில்லுவின் பார்வையில், நிரம்ப வேண்டிய நேரத்தில் நிரம்பாமலும் வடிய வேண்டிய நேரத்தில் வடியாமலும் போவது. விளிம்புப் பகுதிகள் வெள்ளம் காணாமல் முட்புதராகிக் காடாக, நடுப்பகுதி நிரந்தரச் சேறாகத் தேங்கி ஆகாயத்தாமரையின் வீடாகிறது.

நீர் வடியாமல் போவதால் விளையும் கேட்டுக்குக் கண்கூடான சான்று, பூங்காவுக்கு வடமேற்கே உள்ள மின்னேரியாக் குளத்தில் கிடைத்தது. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் மகாசேன மன்னன் கட்டுவித்ததாகக் கூறப்படும் அக்குளம் கோடையில் வற்றும்போது அதன் உள்வாயில், அதாவது நீர் பரவி நிற்கும் உட்பகுதியில், முளைக்கும் புல்லைத் தேடி முந்நூறு வரையான யானைகள் ஒன்றுகூடுவது உலகெங்கும் பேசப்பட்ட காட்சி. மகாவலியின் துணையாறான அம்பன் கங்கையில் மொரகஹகந்த அணை 2018இல் பயன்பாட்டுக்கு வந்தபின், கோடையிலும் மின்னேரியாவுக்கு நீர் வந்தது. குளம் நிறைந்து நின்றது. புல்லோ நீருக்கடியில் போனது. யானைகள் கூடுவது குறைந்ததையும், தாய்யானைகளும் குட்டிகளும் மெலிந்ததையும் இலங்கை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். குளத்தில் நீர் நிறைந்திருப்பதே ஒரு பஞ்சமாக முடியும் என்பது, ஏறத்தாழ எல்லா ஆண்டும் வானத்தைப் பார்த்து நிற்கும் ஒரு மாவட்டத்து வாசகருக்கு நம்ப அரிதாக இருக்கும். ஆயினும் நடந்தது அதுதான்.

வெள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: துப்புரவு. 1900களின் தொடக்கத்தில் அழகுச்செடியாகத் தீவுக்கு வந்த ஆகாயத்தாமரையும், 1939இல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய சல்வீனியா என்ற நீர்ப்பெரணியும், 1990களில் கண்டிக்கு அருகே மகாவலிக் கரையில் கண்டறியப்பட்ட பெருந்தொட்டாற்சிணுங்கியும் தேங்கிய, அசையாத நீரையும் அதன் விளிம்பையும் விரும்புபவை. உச்ச வெள்ளம் இவற்றைப் பெயர்த்துக் கடலுக்கு அடித்துச் செல்லும் துடைப்பமாகப் பயன்படும். துடைப்பம் எடுத்துப் பெருக்காத வீட்டில் என்ன சேருமோ, அதுவே வில்லுகளிலும் சேர்ந்தது. இதனோடு, மேலிருந்து வர வேண்டிய மணலை அணைகள் பிடித்துக்கொள்ள, கீழே மன்னம்பிட்டிப் பகுதியில் மணல் அள்ளுவோர் இருப்பதையும் எடுத்துக்கொள்ள, ஆற்றின் அடித்தளம் தாழ்கிறது. ஆறு தாழ்ந்தால் வில்லுவின் ஓடை வாய் மேட்டில் நின்றுவிடும். அதன்பின் வழக்கமான வெள்ளம் வந்தாலும் உள்ளே ஏறாது. தெற்கு வெள்ளாற்றில் மணல் போனபிறகு வாய்க்கால் தலைப்புகள் ஆற்றைவிட உயரத்தில் அந்தரத்தில் நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே புல்லுக்கு மூன்று வாய்

புல் குறைந்தால் யானை மெலிவதோடு நின்றுவிடுவதில்லை, வயலுக்குள் இறங்குகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 5,879 யானைகள் இருந்த தீவில், 2023 என்ற ஒரே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. அதே ஆண்டில் யானைகளால் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். துப்பாக்கிச் சூடும், சட்டவிரோத மின்வேலியும், பழத்துக்குள் வைக்கப்படும் ‘அக்கப்பட்டாசு’ என்ற வெடியும் யானைச் சாவுகளின் முதன்மைக் காரணங்களில் அடங்கும். இவற்றையெல்லாம் வெள்ளச் சமவெளியின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும், மகாவலி நீரில் விளையும் நெல்லைத் தின்ன வரும் யானை, பெரும்பாலும் அந்த நீர் திரும்பியதால் மேய்ச்சல் இழந்த யானையின் வழித்தோன்றல் என்பதை மறுப்பதும் கடினம்.

மாடு வளர்ப்போர் இக்கணக்கின் மூன்றாம் தரப்பு. வில்லுப் புல் காலங்காலமாக எருமைப் பட்டிகளுக்கும் உணவளித்து வந்தது. தயிருக்குப் பெயர்போன கிழக்கு மாகாணத்தின் பால் பொருளாதாரம் ஆற்றோரப் புல்லின் மேல் நின்றதுதான். பூங்கா எல்லைக்குள் மேய்ச்சல் குற்றமாயிற்று. எல்லைக்கு வெளியே இருந்த மேய்ச்சல் தரைகளோ ஒவ்வொன்றாக வயலாயின. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளில் நடந்த அத்துமீறிய பயிர்ச்செய்கையை எதிர்த்து 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தமிழ்ப் பண்ணையாளர்கள் தொடங்கிய தொடர் போராட்டம், மகாவலி அதிகார சபையின் ஆளுகைக்கு உட்பட்ட நிலத்தைப் பற்றியதே. இன அரசியலின் கண்ணாடி வழியாக மட்டும் பார்க்கப்படும் இப்போராட்டத்தின் அடியில், கோடையில் பசுமை தரும் நிலம் நாளுக்கு நாள் சுருங்கிவருகிறது என்ற எளிய உண்மை கிடக்கிறது.

சட்டக் காப்பே சில சமயம் கைவிட்டதும் உண்டு. வெள்ளச் சமவெளிக்கு வடக்கே உள்ள சோமாவதிப் பூங்காவை ஒட்டி, 2011ஆம் ஆண்டளவில் வணிக வாழைத்தோட்டத்துக்காக யானைக்காடு அழிக்கப்படுவதாகச் சூழலியலாளர்கள் எழுப்பிய எதிர்ப்பு பன்னாட்டுச் செய்தியாகி, முயற்சி பின்வாங்க நேர்ந்தது. வண்டல் படிந்த சமவெளியை வாழைக்காரர்களும் விரும்புவார்கள் என்பதில் வியப்பில்லை. திருச்சியிலும் தொட்டியத்திலும் காவிரிப் படுகை வாழைக்குப் பெயர் பெற்றதற்கும் காரணம் அதே வண்டல்தான்.

வெள்ளம் கொல்வதும் மெய்

வெள்ளத்தைப் போற்றி எழுதுவது மேட்டில் இருப்பவருக்கு எளிது. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா புயல் மலைநாட்டில் நிலச்சரிவுகளையும் மகாவலி உள்ளிட்ட ஆறுகளில் பெருவெள்ளத்தையும் ஏற்படுத்தி அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அத்தகைய நாளில் வில்லுகளின் மதிப்பு வேறு கோணத்தில் தெரிகிறது: கரை மீறிய நீர் வீடுகளுக்குள் புகுவதற்கு முன் விரிந்து நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வயலாக்கி, வயலை ஊராக்கிய பின், வெள்ளத்துக்குப் போக்கிடம் ஊர்தான்.

அசாமின் காசிரங்கா இதே உண்மையை வேறுவிதமாகக் காட்டுகிறது. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் மூழ்கடிக்கும் அப்பூங்காவில் 2022 கணக்கெடுப்பின்படி 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருக்கின்றன. 2017 போன்ற பெருவெள்ள ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான விலங்குகள் அங்கே மடிந்தன. இருந்தும் பூங்காவைச் சுற்றி அணை கட்டி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்று வனத்துறை கேட்பதில்லை. வெள்ளம் வராத ஆண்டுகள் தொடர்ந்தால் அங்குள்ள ‘பீல்’ எனப்படும் ஏரிகள் தூர்ந்து, உயர்ந்த புல்வெளி மரக்காடாகிவிடும் என்பது அதற்குத் தெரியும். விலங்குகள் ஏறி நிற்கச் செயற்கை மேடுகள் அமைப்பதும், தெற்கே கார்பி ஆங்லாங் குன்றுகளுக்கு அவை நெடுஞ்சாலையைக் கடந்து போகும் நாள்களில் வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதுமே அங்கு கைக்கொள்ளப்படும் வழிகள். வெள்ளத்தைக் காத்து, அதிலிருந்து உயிர்களையும் காப்பது என்ற இந்த அணுகுமுறை மகாவலியில் இல்லாதது.

பெட்டிச் செய்தி: 262 கிலோமீட்டர்க் கால்வாய்

காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டம் கரூர் மாவட்டம் மாயனூர்க் கதவணையில் தொடங்குகிறது. முதற்கட்டம் தெற்கு வெள்ளாறு வரை 118.45 கிலோமீட்டர், இரண்டாம் கட்டம் அங்கிருந்து வைகை வரை 109.695 கிலோமீட்டர், மூன்றாம் கட்டம் குண்டாறு வரை 34.045 கிலோமீட்டர். அடிக்கல் நாட்டியபோது அறிவிக்கப்பட்ட மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். வெள்ளக் காலத்தில் நொடிக்கு 6,300 கன அடி மிகைநீரைத் திருப்புவது நோக்கம். கர்நாடகம் இத்திட்டத்தை எதிர்த்துவருகிறது.

இலுப்பூரிலிருந்து பார்த்தால்

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள், ஏந்தல்கள், தாங்கல்கள், ஊருணிகள் ஆகியவற்றை நம்பிப் பயிர் செய்யும் மாவட்டம் அது. அதிலும் இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பகுதிகள் காவிரிப் பாசனம் எட்டாத மேட்டுநிலம். விராலிமலைப் பக்கத்திலிருந்து திருச்சி நோக்கி ஓடும் ஆற்றுக்குக் கோரையாறு என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரிய கோரையை ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே தேடித்தான் காண வேண்டும். இத்தகைய நிலத்தில், முக்கொம்பின் வழியாகக் கொள்ளிடத்தில் லட்சக்கணக்கான கன அடி நீர் கடலுக்குப் போவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும் உழவருக்கு, அது வீணாகிறது என்ற எண்ணம் வருவதில் குற்றம் காண முடியாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நாள்களில் அந்த ஆதங்கம் உச்சத்தை எட்டியது. இணைப்புக் கால்வாய்க்கு இப்பகுதி காட்டும் ஆதரவு நியாயமானது.

கேள்வி, கால்வாய் வேண்டுமா என்பதைப் பற்றியதன்று. ‘மிகை’ என்பதை அளக்கும் கோலைப் பற்றியது. மேட்டூரும் கல்லணையும் டெல்டாப் பாசனமும் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதெல்லாம் மிகை என்பது இன்றைய கணக்கு. அந்தக் கணக்கில் கொள்ளிடத்துக்குப் பங்கு இல்லை. அணைக்கரையின் முதலைகளும், காவிரியின் மணல்திட்டுகளில் குடும்பமாக வாழும் ஆற்று நீர்நாய்களும், முகத்துவாரத்தில் வெள்ளத்தின் நன்னீரையும் வண்டலையும் எதிர்பார்த்திருக்கும் பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளும் அதில் இடம்பெறவில்லை. ஆண்டு முழுவதும் ஓரளவு நீர் ஓடினால் போதும் என்று இவற்றுக்குச் சொல்லிவிட முடியாது. மகாவலி காட்டுவதைப் போல, இவற்றுக்குத் தேவை சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது வரும் முழு வெள்ளம்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் காஃபுவே ஆற்றின் சமவெளிக்கு மேலே இட்டெழி-தெழி அணை 1970களில் கட்டப்பட்டபோது, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நொடிக்கு 300 கன மீட்டர் நீரைச் சமவெளிக்கென்று திறந்துவிடும் அளவுக்குக் கூடுதல் கொள்ளளவு சேர்க்கப்பட்டது. அணை வந்த பின் அங்குள்ள ‘லெச்வே’ மான்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்ததைப் பார்த்தால், அந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் சமவெளிக்கு ஒரு கணக்குத் தலைப்பு உண்டு, அதில் ஓர் எண் எழுதப்பட வேண்டும் என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது. மாயனூரில் திருப்பப்படும் நீருக்கு அத்தகைய எண் எதுவும் பொதுவெளியில் பேசப்படவில்லை.

கால்வாய் வந்து சேரும் இடத்திலும் மின்னேரியாவின் பாடம் பொருந்தும். புதுக்கோட்டைக் கண்மாய்களின் உள்வாய் வில்லுவைப் போலவே பங்குனிக்குப் பிறகு புல் வளையமாகிறது; ஊர் மாடுகளும் ஆடுகளும் மேய, நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சேற்றில் இரை தேட, வண்டலை உழவர் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவது வழக்கம். சீமைக்கருவேலம் அந்த உள்வாயைப் பல ஊர்களில் விழுங்கிவிட்டது; வரத்து வாரிகளின் மேட்டில் வளர்க்கப்படும் தைலமரக் காடுகள் மழைநீரை வரப்பெடுத்து நிறுத்திக்கொள்கின்றன என்பது இம்மாவட்டத்து உழவர்களின் நெடுநாள் புகார். வாரிகள் இவ்வாறு அடைபட்டிருக்க, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் நீர் கண்மாய்க்குள் எவ்வழியாக ஏறும் என்பதைக் கால்வாயின் வரைபடம் காட்டாது. அப்படியே ஏறினாலும், எந்தக் கண்மாயை ஆண்டு முழுதும் நிறைத்து வைப்பது, எதை வற்றவிடுவது என்ற முடிவையும் யாராவது எடுக்க வேண்டியிருக்கும்.

அத்தகைய முடிவுகளை எடுக்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. மதுரு ஓயாவில் அணை கட்டத் தோண்டியபோது பொறியாளர்களை வியக்கவைத்த பழங்கால மதகைப் போலவே, புதுக்கோட்டைக் கண்மாய்களின் நடுவே கல்வெட்டோடு நிற்கும் குமிழித்தூம்புகளும் நீரை அளந்து விடுவதற்கென்றே கட்டப்பட்டவை. மேல்கண்மாய்க்காரர் கலிங்குக் கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை ஒரு சாண் உயர்த்தினால் கீழ்க்கண்மாய் காய்ந்துபோகும் என்பதால், கலிங்கின் உயரம் என்பது மேலூரும் கீழூரும் கூடிப் பேசித் தீர்க்கும் விவகாரமாக இருந்துவந்தது. வழக்குமன்றம் வரை போனதும் உண்டு. மாயனூர்க் கதவணைக்குக் கீழே இருக்கும் கீழூர்களின் பட்டியலில் டெல்டாவின் கடைமடை இருக்கிறது, கடலோர மீனவர் குப்பங்கள் இருக்கின்றன, அணைக்கரையின் முதலை மடுக்களும் இருக்கின்றன.